ஒரே மையில் எழுதிய இரவு

சம்பளப் பட்டியலில் என் பதவி லஸ்கர்.
பாமணி ஆற்றில் மூணு கண் ரெகுலேட்டர்.
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை
அளவுகோலில் டார்ச் அடித்துப் பார்த்து
நோட்டில் எழுத வேண்டும்:
இத்தனை அடி, இத்தனை அங்குலம், ஷட்டர் இவ்வளவு திறப்பு.
இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது.

மன்னார்குடியில், பணம் கட்டிச் சேர்த்த ஆஸ்பத்திரியில்
பவுனாம்பாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.
செவ்வாய் சாயங்காலம்.
இராத்திரி பத்திலிருந்து
அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் நான்.
நர்ஸ் ஒரு தடவை வந்தாள்,
டியூப்லைட்டை அணைக்க.
மூணு மணிக்கு அவள் பாதத்தைத் தொட்டேன்.
மார்கழி ஆற்றுப்படி போல் இருந்தது.
வயிற்றுக்குள்ளேயே கசிந்திருக்கிறது எல்லாம்.
வெளியே ஒரு சொட்டு இல்லை.

இரண்டு நோட்டீசுக்குப் பிறகு கேஸ் ஷீட் நகல் கிடைத்தது.
பத்து மணி, நாடி எண்பத்திரண்டு.
பன்னிரண்டு, எண்பத்து நான்கு.
இரண்டு, எண்பத்திரண்டு. நோயாளி நலம்.

திருவாரூர், நுகர்வோர் ஆணையம்.
பதினேழு வாய்தா.
அதற்குள் மேட்டூரை இரண்டு முறை திறந்து
இரண்டு முறை மூடிவிட்டார்கள்.
நிபுணர் கருத்து வேண்டுமாம்.
ஒரு மதகின் கசிவுக்கு இன்னொரு மதகுதான் சாட்சி.
எட்டு மாதம் கழித்து வந்த கடிதத்தில் இரண்டு வரி:
இது அறியப்பட்ட சிக்கலே,
கவனக்குறைவு எனக் கூற இயலாது.
வக்கீல் மதலைமேரி அதை மடித்து வைத்துவிட்டு
டீ சொன்னார்.

குறுக்கு விசாரணை.
“மருத்துவம் படித்திருக்கிறீர்களா?”
எட்டாவது, ஐயா.
“பிறகு எப்படி இது பின்னால் எழுதியது என்கிறீர்கள்?”

நானும் அப்படித்தான் எழுதுவேன், ஐயா.

டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்தினார்.

அடைமழை ராத்திரிகளில் தூங்கிவிடுவேன்.
விடிந்ததும் உட்கார்ந்து
நாலு வேளையையும் ஒரே மூச்சில் நிரப்புவேன்.
ஒரே பேனா, ஒரே சாய்வு.
இரண்டு அங்குலம் ஏற்றுவேன், இரண்டு இறக்குவேன்.
பார்க்காத தண்ணீர் ரொம்ப ஒழுங்காக இருக்கும், ஐயா.
பார்த்த தண்ணீர் அப்படி இருக்காது.
ஆகாயத்தாமரை வந்து அடைக்கும்,
கணக்கு எகிறும்,
அடித்துத் திருத்தியிருப்போம்,
பக்கத்தில் ஒரு கொசு நசுங்கியிருக்கும்.
அந்தத் தாளில் கொசு இல்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
“நீங்கள் அரசு ஊழியர்.
இது பதிவாகும். யோசித்துச் சொல்லுங்கள்.”
மதலைமேரி கட்டுக்குள் எதையோ தேடினார்,
தேட எதுவும் இல்லாதபோதும்.

எழுதிக்கங்கம்மா, என்றேன்.

அப்போதுதான் அந்த டாக்டர்
முதல்முறையாக என்னைப் பார்த்தார்.
கோபம் என்று சொல்ல மாட்டேன்.
அடுத்த ஷட்டரில் நிற்கும் லஸ்கரை
லஸ்கர் பார்ப்பது போல.
அன்றைக்கு அவருக்கு ஐந்து ஆபரேஷனாம்.
இருக்கட்டும்.
எனக்கு ஒரே ஒரு பவுனாம்பாள்.

தீர்ப்பு, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு.
பொதுப்பணித் துறை மெமோ மட்டும்
பதினோராம் நாளே வந்துவிட்டது.
பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

விளக்கத்தில் என்ன எழுத?
நான் தூங்கிய ஏதோ ஒரு ராத்திரியில்
கீழே யாருடைய வரப்பு உடைந்ததோ,
யாருடைய நாற்று அழுகியதோ.
அவன் ஆற்றைத் திட்டியிருப்பான்.
என் நோட்டைக் கேட்கத் தோன்றியிருக்காது.

இப்போது மணி பன்னிரண்டு. தூறல்.
நாலு அடி மூணு அங்குலம்.
இல்லை, நாலு அடி ஐந்து.
இரண்டாம் கண்ணில் ஒரு வாழைமரம் குறுக்கே கிடக்கிறது.
தாள் நனைந்து
ஐந்து
கொஞ்சம் பரவிவிட்டது.