நான்குக்குக் கீழே

மூக்கு வழியாகத்தான் முதலில்.
மரத்துப்போகும் பசையைத் தடவி
"விழுங்குங்கள், இன்னும் ஒரு மிடறு, இன்னும் ஒன்று" என்று
நான் சொல்லச் சொல்ல
வால்தெமார் எச்செகோயன் கண்ணில் நீர் முட்ட
என் கையுறையைப் பிடித்துக்கொண்டார்.
இருபத்தாறு வருடம் மொந்தெவிதேயோவில் பேருந்து ஓட்டுகிறவர்.
கன்னத்தில் பிளாஸ்திரி, காதுக்குப் பின்னால் ஒரு சுற்று,
இடுப்பில் பெட்டி. அதில் மூன்று பொத்தான்:
சாப்பாடு. படுக்கை. எரிச்சல்.
"வழக்கம்போல இருங்கள்" என்றேன்,
எல்லோரிடமும் சொல்வதுபோல.

வழக்கம்போல எப்படி இருப்பது?
ஜூலைக் குளிர். விடுப்பு எடுத்தார்.
திரைச்சீலையை இழுத்துவிட்டார்.
மாத்தே குடிக்கவில்லை,
உறிஞ்சுகுழலும் மூக்குக் குழாயும்
ஒரே முகத்தில் வேண்டாமென்று.
வெறும் சோறு, வேகவைத்த பூசணி.
பக்கத்து வீட்டு நெல்தா மணி அடித்தபோது
விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் நின்றாராம்.

மறுநாள் கணினியில் கோடு
காற்றில்லாத ஏரி போலக் கிடந்தது.
ஒரு மனிதர் முழுதாக ஒரு நாள் வாழாமல் இருந்ததை
அவ்வளவு துல்லியமாக நான் பார்த்ததில்லை.

குழாயைக் குறை சொல்லவில்லை.
புளிப்பில்லாமல் ஏறுவதையும் அது பிடிக்கும்,
வெறும் காற்றைக்கூட.
மாத்திரை போட்டும் எரிகிறவர்களுக்கு
இன்றும் அதைத்தான் எடுத்துவைப்பேன்.
கேப்ஸ்யூலுக்குத் தெரிந்தது ஒரே ருசி.

அது நவம்பரில்.
மயக்கத்தில் படுக்கவைத்து, வாய் வழியே இறக்கி,
உணவுக்குழாய்ச் சுவரில் ஊசிமுனையால் குத்தி
நிறுத்திவிட்டு வந்தார் டாக்டர் பெர்தேஸ்.
பையில் ஃபோன் மாதிரி ஒரு பெட்டி. அவ்வளவே.
முகம் அவருடையதாகவே இருந்தது.
"ரொட்டிப் பொருக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது."
இருக்கும்.
சிலர் ஒவ்வொரு மிடறும் வலித்துப் பிடுங்கிவிடச் சொல்வார்கள்.
சிலருக்கு முன்னதாகவே கழன்று விழுந்து
வயிற்றின் புளிப்பை நெஞ்சின் புளிப்பென்று கோள் மூட்டும்.
இவருக்கு நான்கு நாளும் நின்றது.

நான்கு நாளும் வண்டி ஓட்டினார்.
நாட்குறிப்பு கொட்டை எழுத்தில்:
"இரவு 11.50. சிவித்தோ. முட்டையோடு. முழுசு.
12.30 படுத்தேன்."
நான்கு என்பது எங்கள் எல்லைக்கோடு.
12.47-க்கு அதற்குக் கீழே விழுந்தது
பத்தொன்பது நிமிடம் எழவில்லை.
அவரோ தூங்கிக்கொண்டிருந்தார், பொத்தானைத் தொடவில்லை.
எரிந்தபோது தெரியவில்லை.

தெரிந்தபோது எரியவில்லை, அதுதான் விசித்திரம்.
வியாழன் பகலில் ஐந்து முறை எரிச்சல் பொத்தான்.
ஐந்துக்கும் கோடு ஆறில், அசையாமல்.
இடைவெளி பார்த்தேன்:
ஒன்றேகால் மணி, மறுபடி ஒன்றேகால் மணி.
ஒரு நடை போய் வருகிற நேரம்.

"எந்த நிறுத்தம்?" என்றேன்.
சொன்னார். செர்ரோ மலையடிவாரம், மருந்துக்கடை முக்கு.
"அங்கே என்ன?"
"ஒன்றுமில்லை. இப்போது யாரும் ஏறுவதில்லை."

அறிக்கையில் அதற்கொரு வரி உண்டு:
அறிகுறிக்கும் அமிலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை.
தட்டச்சு செய்தேன்.
இரவுக்கு மாத்திரை எழுதினார் பெர்தேஸ்,
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ஆளுக்கொரு செங்கல்.
பகலுக்கென்று எதுவும் எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்து ஃபோன், வண்டியை நிறுத்திவைத்து.
"விழுந்துவிட்டதா ஸுல்மா? எப்படித் தெரியும்?"
"தெரியாது. தானாகக் கழன்று போய்விடும்."
"பெட்டியைத்தான் வாங்கிக்கொண்டீர்களே.
இப்போது அது யாரிடம் சொல்லும்?"

நான் பதில் தேடுவதற்குள்
அந்தப் பக்கம் காற்று சீறிக் கதவு திறந்தது.
எண்ணினேன், ஏழு வரை.
மூடிக்கொண்டது.