எடைக்குறிப்பு

துமுலி ஓடுதளத்தில் என் வேலை தராசு.
வியாழன்தோறும் காப்பிக்கொட்டை மூட்டைகளை நிறுத்து
சாக்கின் மேல் கரியால் எண் எழுதுவேன்.
மேகம் எந்த மலைத்தோளில் கிடக்கிறதென்று
வானொலியில் சொல்வேன்.
இவ்வளவுதான். இதற்கு மாதம் ஒரு சிப்பம் அரிசி,
மிஷன் கொடுத்த ஒரு மழைக்கோட்டு.

அன்று நள்ளிரவில் மலை புரண்டு படுத்தது.
விடிந்தபோது எதிர்ச்சரிவில் ஊர் இல்லை.
சிவப்பு மண் மட்டும், ஈரமாய்,
அப்போதுதான் தோலுரித்த பன்றிபோல.
ஓடுதளத்தின் கீழ்முனையில் ஒரு விரிசல்.
கல்லையும் வள்ளிக்கொடியையும் திணித்து மூடினோம்.
மூடியதை நாங்களே நம்பவில்லை.

வானொலியில் உர்சினா கேட்டாள்:
“எத்தனை மீட்டர் மிச்சம்?”
நடந்து அளந்தேன். இரண்டு முறை.
“முந்நூற்றுத் தொண்ணூறு.”
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
“வருகிறேன்.”

வந்ததும் இருக்கைகளைக் கழற்றினாள்.
கருவிப்பெட்டி, கயிறு, அவளுடைய மதிய ரொட்டி.
மேலூருக்குப் போகவிருந்த புது வேதாகமங்கள், ஒரு பெட்டி,
அதுவும் புல்லில் இறங்கியது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பாஸ்டர் பாவே தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டார்.
“இருநூற்றைம்பது கிலோ,” என்றாள்,
“அதற்குமேல் ஒரு கோழிகூட வேண்டாம்.”

யாசுமேயை மருந்துக்கூடத்தின் கதவில் கிடத்திக் கொண்டுவந்திருந்தார்கள்.
முதுகு அசையக் கூடாதாம். கதவோடு நிறுத்தேன்.
அறுபத்து மூன்று.
கால் நசுங்கிய தாகோபே, எழுபத்தொன்று.
கிழவர் ஹெங்கேபே தராசில் ஏறக் கூசினார்,
என்னைச் சந்தைக்கா அனுப்புகிறாய் என்றார்.
நாற்பத்தேழு.
சிறுவன் எலாபே கையில் ஒரு கல்லை இறுக்கியிருந்தான்.
கேட்டேன், தரவில்லை.
கல்லோடு சேர்த்துத்தான் பத்தொன்பது.

மிச்சம் ஐம்பது.

வரிசையில் அடுத்து என் மனைவி வெலாமி.
இடது கை வாழைமட்டைக்குள் கட்டியிருந்தது.
எலும்பு எட்டிப் பார்த்த இடத்தில் ஈ.
தராசின் முள்ளை எனக்குப் பல வருடமாய்த் தெரியும்,
ஆள் பார்த்து ஒன்றிரண்டு கிலோ விட்டுக்கொடுக்கும்.
அன்று கொடுக்கவில்லை.
ஐம்பத்தைந்து.

உர்சினா தன் பூட்ஸைக் கழற்றிப் புல்லில் வைத்தாள்.
இரண்டு கிலோ.
நான் வாயைத் திறந்தேன்.
ஐம்பத்திரண்டு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?
என் முள்ளை யார் சரிபார்க்கிறார்கள்?
அதற்குள் வெலாமியே இறங்கிவிட்டாள்.
“மூணு கிலோவுக்காக ஆறு பேரா,” என்றாள்,
என்னிடம் இல்லை, பக்கத்தில் நின்ற காப்பிச் செடியிடம்.

வெறுங்காலோடு ஏறினாள் உர்சினா.
விரிசலைத் தாண்டியதும் விமானம்
எங்கள் கண்ணுக்குக் கீழே விழுந்தது.
யாரோ என் தோளைப் பிடித்தார்கள்.
பிறகு பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் எழுந்தது,
கை தவறிய ஊசிபோல, வெளிச்சம் பட்டால் மட்டும் தெரிந்து.

மறுநாள் மேகம். அதற்கு மறுநாளும்.
வானொலியில் நான் உண்மையே சொன்னேன்: மூடியிருக்கிறது.
வெலாமி பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
ஒரு ஓட்டை தெரிகிறது என்றால் போதும்,
உர்சினா கிளம்பிவிடுவாள்.
அதனால்தான் சொல்லவில்லை.
மழைக்கு முன் பூட்ஸை உள்ளே எடுத்து வைத்ததும்
வெலாமிதான்.

நான்காம் நாள், விமானத்திலிருந்து முதலில் இறங்கியது கதவு.
கழுவித் துடைத்து, ஆஸ்பத்திரிச் சீட்டு ஒட்டி.
யாசுமே கால்விரலை அசைக்கிறாளாம்.
கிழவரைக் கேட்டேன்.
உர்சினா பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்,
நிமிரவில்லை.

வெலாமி தராசில் ஏறினாள். காய்ச்சலுக்குப் பிறகு
ஐம்பத்தொன்று.
உர்சினாவின் பென்சில் தாளின்மேல் சற்று நின்று,
பிறகு எழுதியது.

அந்தக் கையில் இப்போது மூன்று விரல்.
காப்பிப்பழம் பறிக்கிறாள், மெதுவாக.
அந்த எண்ணைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

மருந்துக்கூடத்துக்கு இன்னும் சுவர் எழவில்லை.
நிலை மட்டும் நிற்கிறது, அதில் கதவை மாட்டிவிட்டோம்.
தாதி தினமும் காலையில்
அதைத் திறந்துகொண்டுதான் உள்ளே போகிறார்.