நோய்வாங்கி

க்வெட்லின்பர்க். ஜூன் ஏழு. பனி இன்னும் காயவில்லை.
ஹைக்கே தாளோடு நிற்கிறாள்.
நான் குனிந்து, கோதுமை இலையைப் புரட்டி
எண் சொல்கிறேன்:
இரண்டு. நான்கு. இரண்டு.
இங்கே ஒன்று என்றால் நலம்,
ஒன்பது என்றால் போயிற்று.

ஏப்ரலில் நாங்களேதான் தெளித்தோம்
எண்ணெயில் கலந்த மஞ்சள் துருவை,
காற்றில்லாத ஒரு மாலையில்.
குளிராமல் இருக்க
மேலே பிளாஸ்டிக் தாளும் போர்த்தினோம்.

பாத்திகளுக்கு நடுவே ஒற்றை வரிசையாய்
தொட்டதும் படுத்துக்கொள்ளும் பழைய ரகம்.
தாளில் அதற்குப் பெயரில்லை.
மனசுக்குள் நான் வைத்தது: நோய்வாங்கி.
வாங்கு, கொடு. வேறு வேலையில்லை.

போன வருடம் மே வறண்டது.
அது நோயே வாங்கவில்லை.
நாற்பது ரகமும் ஒன்று, ஒன்று, ஒன்று.
ஓர் எண்ணையும் நம்ப முடியாமல்
அத்தனையையும் தள்ளினோம்.

இந்த வருடம் நன்றாகவே சாகிறது.
என் கால்சட்டை முழங்கால்வரை மஞ்சள்.

இருநூற்றுப் பதினாலாம் பாத்தி.
மூன்று வருடமாகப் பழுதில்லாதது.
கண்ணாடி இலையில்
பென்சிலால் கிழித்ததுபோல் ஒரே ஒரு கோடு.
எச்சில் தொட்டுத் துடைக்கிறேன்.
போகவில்லை.

"எவ்வளவு?" என்கிறாள் ஹைக்கே.
லென்ஸைத் துடைக்கிறேன்.
"எழுதிக்கொள்" என்கிறேன்,
எண்ணை இன்னும் சொல்லாமல்.