இதர வகைக் கட்டடம்

அருமனைக்குப் போகிற சாலையை
ஏழு மீட்டராக்கும் கோப்பில்
நாற்பத்து மூன்றாம் எண் இது.
டேப்பின் ஒரு நுனி சோபிதராஜ் கையில்,
மறு நுனியோடு நான்.

மடம் இல்லை. மதிலும் இல்லை.
ரப்பர் மரங்களுக்கு முன்னால்
வாசல் மட்டும் நிற்கிறது.

கீழே கருங்கல், இடுப்பளவு.
மேலே வெட்டுகல்;
சுண்ணாம்பு உதிர்ந்த இடமெல்லாம்
பழஞ்சோற்றில் பிசைந்த மீன்குழம்பின் நிறம்.
மச்சுக்கு ஏற அயினிப் படிகள் பதினொன்று,
மூன்றாவது இல்லை.
உழல்மரம் புகும் துளைகள் இரண்டு:
ஒன்றில் குளவிக்கூடு,
மற்றதில் யாரோ மடித்துச் செருகிய
விழாத லாட்டரிச் சீட்டு.

மச்சில் சாமியார்களின் நெல் இருந்ததாம்.
பிறகு மகாராஜாவின் உப்பு.
அதைச் சொல்ல ஆள் வேண்டாம்,
தெற்குச் சுவர் இன்றும் ஆடி மாதம் வியர்க்கிறது.
அஞ்சல்காரன் சதங்கை ஈட்டியை
ஊன்றிவைத்த இடத்தில்
கட்டைவிரல் புதையும் பள்ளம்.
காலரா வருஷம் இங்கேதான் கஞ்சி ஊற்றினார்கள்.
வட்டெழுத்தின் மேல் வெள்ளையடித்து
ஒரு கட்சி சின்னம் வரைந்தது,
அடுத்த கட்சி அதன்மேல் வெள்ளையடித்தது.

இப்போது மரிய அற்புதம் ரப்பர் ஷீட் வாங்குகிறார்.
புளித்த பாலின் வாடை, தராசு, குருசுப்படம்.
"இடிப்பியளா மேடம்?"
"அளவுதான் எடுக்கிறோம்."
"அளந்ததை எல்லாம் இடிச்சிருக்கியள்," என்றார்,
கோபமில்லாமல்,
நாரங்காவெள்ளம் நீட்டியபடி.

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
குடியிருப்பு, வணிகம், வழிபாடு ஆகிய மூன்றிலும்
பேனா கொஞ்சம் நின்று
கடைசியில் இதர என்பதில் டிக் போட்டது.

வலப்பக்கம் ஆடுகளின் வழி,
பைக்கே போகும்.
இடப்பக்கமும் வெட்டவெளி.
ஆனாலும் பால்வெட்டப் போகிற பெண்கள்
வாசலுக்குள் நுழைந்துதான் போகிறார்கள்,
வாளி தட்டாமல், தலை தாழ்த்தி.
உத்தரத்தை வேண்டுமென்றே இறக்கிவைத்த தச்சன்
உள்ளே ஒரு குரு இருப்பார் என்றுதான்
கணக்குப் போட்டிருப்பான்.

நிலையின் உயரம் ஐந்தடி ஓரங்குலம்.
சோபிதராஜ் இரண்டு தடவை இடித்துக்கொண்டான்,
இரண்டாவது தடவை சிரித்தான்.
நான் நாலடி பத்து.
பள்ளிக்கூடத்தில் என்றும் முதல் வரிசை,
எந்த வாசலுக்கும் குனிந்ததில்லை.
டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தபின்தான் பார்த்தேன்,
முதுகு வளைந்தே இருந்தது.

ஜீப்பில் உட்கார்ந்து மற்ற இடங்களை
நீல மையால் நிரப்பினேன்.
மீதி ஆயுள், ஆண்டுகளில், என்று கேட்ட இடத்துக்கு
சோபிதராஜிடம்
பென்சில் வாங்கினேன்.