இன்னும் 8.4 ஜிபி தேவை

நாரின் சந்தையில் மூன்றாம் வரிசை.
கப்பலேறிப் புறப்பட்டு, கிர்கிஸ் மலைக்குள்
கடலே இல்லாத ஊரில் இறங்கிவிட்ட
இரும்புக் கன்டெய்னர் ஒன்றுதான் என் கடை.
இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் கதவு.

சைரகுல் வந்தபோது வெளியே மைனஸ் பதினெட்டு.
ஆட்டு வைத்தியர்.
கோட்டுக்குள் கைவிட்டு
நனைந்த குட்டியை எடுப்பதுபோல் எடுத்தார்
பதினோரு அங்குல மடிக்கணினியை.
மூடியில் ஏதோ உதவித் திட்டத்தின் ஸ்டிக்கர்.
திட்டத்தின் பெயர் உரிந்துபோய்
வருடம் மட்டும் மிச்சம்.

"தடுப்பூசிப் பதிவேடு இனிமேல்
புது சிஸ்டத்தில்தான் திறக்குமாம்.
போட்டுக் கொடு, நுர்தோலோத்.
காலையில் மேல்பக்கத்து மந்தைகளுக்குப் போகணும்."

பதிவேட்டை ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்திவிட்டுப்
போட்டேன்.
நாற்பது நிமிடம் சுழன்ற பிறகு
நீலத் திரை மரியாதையாகச் சொன்னது:
இடம் போதவில்லை. இன்னும் 8.4 ஜிபி தேவை.

பெட்டியின் மேல் முப்பத்திரண்டு என்று போட்டிருக்கும்.
திறந்தால் இருபத்தொன்பதுதான்.
அதில் இருபதைப் பழைய சிஸ்டமே
தின்றுவிட்டுப் படுத்திருக்கிறது.
பெரியதாய் மாற்றலாமென்றால்
சில்லு பலகையோடு பற்றவைத்தது.
பல்லைப் பிடுங்கத் தாடையைக் கழற்ற வேண்டும்.
இடத்தைப் பெருக்க ஒரே வழி
பெருக்குவதுதான்.

குப்பைத்தொட்டியில் ஆரம்பித்தேன்.
போன வசந்தத்தில் அவர் அழித்த வீடியோ
அழியாமல் அங்கேயே கிடந்தது:
வயிற்றுக்குள் புரண்டுவிட்ட குட்டி,
முழங்கை வரை உள்ளே போன அவர் கை.
இரண்டு ஜிபி.
"வேண்டுமா?"
"குட்டி வளர்ந்து விலைபோயே ஆயிற்று. போகட்டும்."

பழைய அப்டேட்டுகள், மூட்டை கட்டினபடி: ஒன்றரை.
தூங்கப் போகும் முன்
விழித்திருந்ததையெல்லாம் எழுதிவைக்கும் கோப்பு: அதுவும் ஒன்றரை.
இனி அப்படித் தூங்க வேண்டாம் என்று கட்டளையிட்டேன்.
பிறகு ஒரே சாணம், நாற்பது படங்களில்.
என் விரல் நீண்டதும்
"அது நோய்க்குறி" என்றார்.
தொடவில்லை.

மிச்சம் 3.4.

கடைசியில் அகப்பட்டது
பெயரெழுத்துக்கூட இல்லாமல் பதுங்கியிருந்த ஒரு பகுதி.
தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய அன்று
கணினி எப்படி இருந்ததோ அதன் நகல்.
நாலு ஜிபி.
எது கெட்டாலும் முதல் நாளுக்குத் திரும்பலாம்.
இதை அழித்தால் முடியாது.
யாரையும் கேட்காமல் நான் இதை அழிப்பதில்லை.

சைரகுல் கையுறையைக் கழற்றினார்.
"அந்த முதல் நாளில்
என் ஆடு ஒன்றாவது இருந்ததா?"
"இல்லை."
"அப்புறம் அங்கே போய் என்ன செய்ய?"

அழித்தேன்.
எல்லைக்கோட்டை இழுத்து இந்தப் பக்கம் சேர்த்தேன்.

இருபது சதவீதம். நாற்பத்துநாலு.
அறுபத்தொன்று.
அறுபத்தொன்று.
அறுபத்தொன்று.
சந்தையில் ஒவ்வொரு கதவாக இரும்பு இறங்கும் சத்தம்.
நின்று கால் வலித்து அவர்
பழைய சார்ஜர்கள் அடைத்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.
அது மெல்ல அமுங்கியது.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
எழுபத்தெட்டில் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.
பேட்டரி தாங்கிக்கொண்டது.
நான்தான் மூச்சை விட மறந்திருந்தேன்.

ஆறரைக்கு முகப்புத் திரை வந்தது.
காலியிடம்: 1.1 ஜிபி.
"இவ்வளவுதானா? இதில் எத்தனை ஆடு நிற்கும்?"
சிகரெட் அட்டையின் பின்னால் கணக்குப் போட்டேன்.
ஓர் ஆட்டுக்கு ஒரு வரி: காது எண், ஊசி, தேதி.
"நாரின் ஆடுகள் அத்தனையும் நிற்கும்.
இடக்காதுக்கு ஒரு வரி, வலக்காதுக்கு ஒரு வரி
என்று எழுதினாலும் நிற்கும்."
"படம் எடுத்தால்?"
"எடுக்காதீர்கள்."

நானூறு சோம் எண்ணி வைத்துவிட்டு
கணினியைக் கோட்டுக்குள் விட்டுப் பொத்தான் போட்டார்.

நசுங்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்
வெளியே போட்டேன்,
மூன்று வருடமாகப் போட நினைத்தது.
உள்ளே வந்தால் சுவரோரம்
ஒரு முழ அகலத்துக்குத் தரை தெரிந்தது.
தரைக்குப் பச்சை வண்ணம் என்பதே அப்போதுதான் தெரியும்.
ஒரு ஸ்டூல் போடலாம் என்று அளந்துகொண்டிருக்கையில்
பக்கத்துக் கடை அல்மாஸ்பெக்
காலுறை மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து
மிகச் சரியாக அங்கே இறக்கினார்.

"சும்மாதானே கிடக்கிறது."