ஒற்றைக் கால்

காட்பாடியில் மே மாதம்.
ஏசி பதினெட்டில் ஓடும் அறைக்குள்
என் குடுவைக்கு மட்டும் குளிர் காய்ச்சல்.
சோப்புக் கரைசல் உறைந்து
அடியில் வெள்ளை ஊசிகளாய்ப் படிகிறது.
ஏழு வாரமாக இதே கதை.

தங்க உப்பு, கொஞ்சம் வைட்டமின் சி,
முடியிலும் நகத்திலும் இருக்கிற சிஸ்டீன்:
இடக்கை வடிவம் ஒரு குப்பியில்,
வலக்கை வடிவம் மற்றொன்றில்.
கண்ணுக்கு இரண்டும் ஒரே நாவல்பழக் கறை.
கருவிக்கும் அப்படித்தான்.
இடம் சுழலும் ஒளியும் வலம் சுழலும் ஒளியும்
சமமாய் உள்ளே போய்ச் சமமாய்த் திரும்பின.
திரையில் ஒரு கோடு,
மணல் அள்ளின குழிகூட இல்லாத பாலாறு.

சஃபூரா ஆபாவுக்கு
ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கிற மேஜை.
கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை உள்ளே விட்டால்
இடதா வலதா சொல்லிவிடுவாள்.
ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள்:
நீ என்னதான் பண்றே அங்கே?
தங்கத்துல ஷூ பண்றேன் ஆபா,
இடது கால் மட்டும்.
யாருக்கு?
வெளிச்சத்துக்கு.
ஒத்தை ஷூ எங்ககிட்ட ரிஜெக்ட்டுடி.
எனக்கு அந்த ரிஜெக்ட்தான் வேணும்.

வியாழக்கிழமை டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது.
டீ குடித்துத் திரும்பினால்
அறை தோல் கிடங்கு மாதிரி வெந்துகொண்டிருந்தது.
குடுவையில் ஊசி ஒன்றுகூட இல்லை,
கண்ணாடித் தெளிவு.
எதுக்கும் இருக்கட்டும் என்று
நெற்றி வியர்வை விழாமல் தலையைச் சாய்த்து
சொட்டுச் சொட்டாகத் தங்கத்தை விட்டேன்.

வெள்ளி காலை, ஐந்நூற்றுத் தொண்ணூறு நானோமீட்டரில்,
கோடு எழுந்தது.
வலக்கைக் குப்பியை வைத்தேன்:
அதே இடத்தில் அதே ஆழத்துக்குப் பள்ளம்.
அடுத்த வாரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம்,
ஒவ்வொரு கனசதுரமும் ஆறு முகத்திலும் முறுகி,
ஈரத்துணியை யாரோ பிழிந்து பாதியில் விட்டதுபோல.
தேன்மொழி மேடம் ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்துபோய் ஏசி சுவிட்சின்மேல்
பிளாஸ்திரி ஒட்டினார்.

நோட்டில் வெப்பநிலை என்ற கட்டத்தில்
வேலூர் என்று எழுதி
அடித்துவிட்டு
முப்பத்தாறு என்று எழுதினேன்.

ஆபா கேட்டாள்:
இத்தனை நாள் போட்ட தங்கத்துக்கு
ஒரு மூக்குத்தியாவது தேறுமா?

மூக்குத்தி எங்கே.
அதன் திருகுக்கே காணாது.
திருகலுக்கு மட்டும்
போதும்.