குறிப்புக் கட்டம்

ஜூன் பத்தாம் தேதி
ஷட்டர் திருகுக்கு கிரீஸ் தடவப் போனேன்.
டப்பா மூடி திறக்கவில்லை.
துரு இல்லை, புது டப்பா.
விரல்தான்.

காலையில் எழுந்தால்
இரண்டு கையும் இரவல் வாங்கியவை போலக் கிடக்கும்.
சட்டைப் பித்தான் போட ஒன்பது மணி ஆகும்.
அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என்னுடையதாகும்.
வயசு என்றான் வேதையன்.
எனக்கு நாற்பத்தொன்று.
வாயு என்றார் மருந்துக்கடைக்காரர்.
வீட்டில் முடக்கத்தான் தோசை,
பதினெட்டு நாள், விடாமல்.
தோசை நன்றாகத்தான் இருந்தது.

மன்னார்குடி பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் மெஹருன்னிசா
கணுக்களை ஒவ்வொன்றாய் அமுக்கினார்.
இடது கையில் வலித்த அதே கணு
வலது கையிலும் வலித்தது.
"தேய்மானம் இல்லைங்க இது. சரவாங்கி.
உடம்பைக் காக்குற படையே
மூட்டுக்குள்ள நுழைஞ்சு அடிக்குது."

புரிந்தது.
பதினாறு வருஷம் வாய்க்கால் பார்த்தவன் நான்.
நடுராத்திரியில் கரையை வெட்டுகிறவன்
எப்போதும் உள்ளூர்க்காரன்.
விடிந்ததும் டீக்கடையில் நம் பக்கத்திலேயே உட்கார்ந்து
யார் வெட்டினது என்று கேட்பான்.

மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்.
தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து,
மூன்று தடவை சொல்லி
சீட்டில் சிவப்பில் வட்டமிட்டார்.
மாதம் ஒரு தரம் ரத்தம் கொடுக்கணும்.
பலன் தெரிய ஆறு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு.
"நடுவுல நீங்களா நிறுத்திடாதீங்க."
முறைத்தண்ணிதானே டாக்டர், என்றேன்,
மேட்டூரில் திறந்த மறுநாளே
கடைமடையில் பாயுமா?
அவர் வெளியூர் போல.
அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

தண்ணீர் வந்த அன்று
திருகைச் சுற்றியது வேதையனும் அவன் மச்சானும்.
நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு
எல்லாம் முன்னால் வர
அளவுகோலைப் பார்த்து
மட்டம் எழுதினேன்.
எட்டு கோணலாக விழுந்தது.

செப்டம்பரில் உதவிப் பொறியாளர்
பதிவேட்டைப் புரட்டினார்.
"குறிப்புக் கட்டத்துல புதனுக்குப் புதன் 'மா'ன்னு இருக்கே,
மாமூலா?"
மாத்திரை சார்.
"இந்தப் புதன் இல்லையே?"
காய்ச்சல் சார். ஒரு வாரம் நிறுத்தச் சொன்னாங்க.
என் கையைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

எட்டு இப்போது நேராக வருகிறது.
டப்பா மூடிக்கு இன்னும்
வேதையன்தான்.